கப்புவின் வாய்

இப்போது ஹரிஷ் சிரிப்பான், இதோ, திரையில் ஜம்பு கதவைத் திறப்பதற்குள்ளேயே அவன் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது, வசனம் வரும் முன்பே உதடு அதை முணுமுணுக்கிறது, தாடி வைத்த ஆண்பிள்ளை, நெஞ்சில் கப்புவின் படம் போட்ட பனியன், சாக்கடைக் கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு பல்லிளிக்கும் கப்பு, இன்றைக்காகவே எடுத்து மாட்டிக்கொண்டு வந்தானாம். கதவு திறந்தது. ஜம்பு குடும்பம் மொத்தமும் மூக்கைப் பிடித்துக்கொண்டது, ஜம்பு, அவன் பெண்டாட்டி லில்லி, இரண்டு பிள்ளைகள், நாய்கூட. வாசலில் கப்பு, முதுகு மட்டும் தெரிகிறது. "இன்னா நைனா, உங்க ஊட்டு சாம்பாரும் எங்க சாக்கடையும் ஒரே கலரா கீதே!" ஹரிஷ் சிரித்துவிட்டான், அவனோடு ஓடிடி கம்பெனியிலிருந்து வந்திருக்கும் நிவேதிதா சிரித்துவிட்டு உடனே சிரிக்கக்கூடாது என்று ஞாபகம் வந்தவள்போல் பேனாவால் உதட்டைத் தட்டிக்கொண்டாள், முன்வரிசையில் தயாளன் சாரின் வழுக்கைத் தலை மெல்ல ஆடியது, அவர் எழுதிய வசனம், அவர் எழுதி எத்தனையோ வருஷமாகியும் இன்னும் ஓடுகிற வசனம். நான் சிரிக்கவில்லை. சிரிக்கவில்லை என்பது தெரியக்கூடாது என்று உதட்டை ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுத்து வைத்திருக்கிறேன், இருட்டில் பார்த்தால் சிரிப்பு மாதிரிதான் இருக்கும். ஒரு எபிசோடு முழுக்க இப்படி வைத்திருக்க முடியுமா, கன்னம் வலிக்காதா, வலித்தால் வலிக்கட்டும். எபிசோடு முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள், தயாளன் சார் நாற்காலியோடு திரும்புவார், என்னைப் பார்த்துக் கேட்பார். காலையிலேயே சொல்லிவிட்டார். "கப்பு பேசறது உங்க பக்கத்துப் பேச்சுதானேம்மா, ராணிப்பேட்டை? பார்த்துட்டு ஒரு வார்த்தை ஓகேன்னு சொல்லிடு. நாளைக்கு எவனாவது சண்டைக்கு வந்தா, அந்த ஊர்ப் பொண்ணே பார்த்து ஓகே பண்ணதுதான்னு சொல்லிடலாம் பாரு." அதே மூச்சில், கையிலிருந்த டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "உன் கன்ஃபர்மேஷனும் இந்த வாரந்தான்ல?" என்றார். இரண்டும் வேறு வேறு விஷயங்கள் என்பதுபோல் சொன்னார். வேறு வேறு விஷயமாகவும் இருக்கலாம். சரியாகச் சொல்ல வேண்டுமானால் எனக்குத் தெரியாது.

தயாளன் சாரின் இந்த வடபழனி டப்பிங் கம்பெனியில் என் வேலை உதடு பார்ப்பது. திரையில் வாய் திறக்கும்போது தமிழ் திறக்கிறதா, மூடும்போது மூடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, அதை வைத்துக்கொண்டு நான் பொம்மைகளின் வாயைப் பார்க்கிறேன், அம்மா தெருவில் "டிவி கம்பெனில எங்க சசிரேகா ஆபீசரு" என்று சொல்லி வைத்திருக்கிறாள். வேலை கன்ஃபர்ம் ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் அம்மா வேலை செய்கிற ஷூ கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து மிஷினில் உட்கார வைத்துவிடுவார்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் என்னைப் படிக்க வைக்க அவள் அந்த மிஷினில் உட்கார்ந்திருந்தாள், நான் போய் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது. ஜம்பு இப்போது படுக்கையில் குதிக்கிறான். மெத்தை விற்பவன், தொப்பை, முட்டாள், முட்டாள் என்பதாலேயே எல்லோருக்கும் பிடித்தவன். ஜம்பு குடும்பம் என்கிற இந்தக் கார்ட்டூன் வெளிநாட்டில் கால் நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் வயசாகவில்லை, பையன் அதே வகுப்பு, பெண் அதே ரிப்பன், அதே சோபா, வயசாகாத ஒன்றைப் பார்த்து வயசானவர்கள் எல்லாம் கண் கலங்குகிறார்கள். வந்த புதிதில் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று இதைத் திட்டினார்கள், பெரியவர்களை டேய் என்கிறது, அப்பனை மதிக்கவில்லை என்று. திட்டு வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து காலேஜ் போய் இதை மீமாக்கினார்கள். மீம் போட்டவர்கள் வேலைக்குப் போய் இதை நினைவு என்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை, இட்லி, ஜம்பு குடும்பம், அந்தக் காலம் திரும்ப வருமா என்று எழுதுகிறார்கள், திரும்ப வந்தால் என்ன செய்வார்கள், அதே சோபாவில் உட்கார்ந்து அதே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களிலேயே கொஞ்சம் பேர் இப்போது இதைக் கண்டிக்கிறார்கள். போன மாதம் முழுக்க நீளநீளமான பதிவுகள், துப்புரவுத் தொழிலாளியை இழிவுபடுத்தும் வெள்ளைக்காரத் திமிர், அது இது. படித்தேன். எல்லாவற்றையும் படித்தேன். எழுதியவர்களில் ஒருவர்கூடத் தமிழ் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பார்த்திருக்கவில்லை. பாராட்டினவன் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டினான், திட்டினவனும் அதே கண்ணை மூடிக்கொண்டு திட்டினான், நடுவில் கண் திறந்திருந்தது கப்பு ஒருவனுக்குத்தான்.

கப்பு என்றால் நாற்றம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஸ்கூலிலும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டவுனில் இங்கிலீஷ் மீடியம், பெஞ்சில் மற்றவர்களுக்கு டாக்டர் அப்பா, வக்கீல் அப்பா, எனக்குத் தோல் ஷாப்பு அப்பா, தோல் பதனிடுகிற இடம். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப் போடுகிற வேலை, குளித்தாலும் போகாது, துணியில் போகாது, அவர் தொட்டுக்கொடுத்த டிபன் பாக்ஸில்கூடப் போகாது. ஒரு திங்கட்கிழமை நான் டீச்சரிடம் "எங்க நைனா கையெழுத்து போட்டுக் கொடுத்தாரு மிஸ்" என்று சொன்னேன், உடனே பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் கப்புவின் குரலில் "இன்னா நைனா" என்றான், அவ்வளவுதான், முந்தின நாள் காலையில்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள், முப்பது பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள், நாய் ஒன்றுதான் குறை. அதற்குப் பிறகு நான் அப்பா என்றேன். வெளியில் அப்பா, வீட்டில் நைனா, ஹாஸ்டலில் போன் பேசும்போது இரண்டும் இல்லாமல் "ம், சொல்லுங்க". இப்போது என் பேச்சில் ஊர் கிடையாது, செய்தி வாசிக்கிறவள் மாதிரி பேசுகிறேன் என்று நிவேதிதா ஒருநாள் பாராட்டினாள். "யூ டோன்ட் சவுண்ட் லைக் ராணிப்பேட் அட் ஆல்." நன்றி என்றேன். நன்றி என்று சொன்ன வாயைப் பற்றி அன்று ராத்திரி முழுக்க என்ன நினைத்தேன் என்பதை எழுதினால் அசிங்கமாக இருக்கும்.

திரையில் இரண்டாவது முறை கப்பு வருகிறான். ஹரிஷ் முன்னால் சாய்கிறான். "தோ பாருங்க, இப்ப சொல்வான் பாருங்க, மெட்ராஸ்லயே இது பேர் போன டயலாக் சார்," என்று தயாளன் சாரின் காதில் சொல்கிறான், பிறகு கப்பு மாதிரியே குரலை மாற்றி, "இன்னா கீது, அது கீது, எது கீது!" அப்படி யாரும் பேசமாட்டார்கள் ஹரிஷ். கீது எல்லா இடத்திலும் வராது. ஆளுக்குக் கீறாரு, சாமானுக்குக் கீது, எதை எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குத் தடுமாற்றமே கிடையாது, மூன்று வயசுக் குழந்தை சரியாகச் சொல்லும். உனக்கு அது சத்தம். நாக்கைத் தொங்கப்போட்டுவிட்டு ஏதோ ஒன்று கீது கீது என்றால் உனக்கு அது ஏழை, அது அழுக்கு, அது சிரிப்பு. இதையெல்லாம் உனக்குச் சொல்லியிருக்கலாம், ஆனால் அதைச் செய்தி வாசிக்கிறவள் குரலில் எப்படிச் சொல்வது. தயாளன் சார் திரும்பாமலே சொல்கிறார், "அப்பல்லாம் நாங்க எழுதினது உதட்டுக்கு இல்லப்பா, ஜனங்களுக்கு." ஜனங்கள். அந்த ஜனங்களில் ஒருவர் எங்கள் நைனா, இதை யோசிக்கக்கூடாது என்று நினைத்தேன், யோசித்தாயிற்று.

ஏனென்றால் அவருக்குக் கப்புவைப் பிடிக்கும். கவர்மென்ட் கொடுத்த கலர் டிவி, சுவரோடு ஒட்டின ஷெல்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் அவர் பகலில் வீட்டில் இருப்பார், கப்பு வந்ததும் கையைத் தட்டி, "தோ வந்துட்டாம் பாரு நம்மாளு!" என்பார். "இன்னாமா பேசறான் பாரு. டிவிக்காரன் ஒருத்தனுக்காவது நம்ம பாஷ தெரிஞ்சிக்கீதே." அம்மா, "ஆமா, ஒன்ன மாரியே நாறிக்கினு வர்றான்" என்பாள், அதற்கும் சிரிப்பார், வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. ஸ்கூலில் நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அந்த நேரத்தில் டிவியை வெறுத்தேனா அவரை வெறுத்தேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தன்னைச் செருப்பால் அடிப்பவனின் செருப்பு தன் ஷாப்புத் தோலில் செய்தது என்று சந்தோஷப்படுகிற மாதிரி ஒரு சிரிப்பு. இல்லை, இது நன்றாக இருக்கிறது என்பதற்காக எழுதிய வாக்கியம், உண்மை இல்லை. உண்மை இன்னும் சாதாரணமானது. டிவியில் எல்லோரும் வேறு யாரோ மாதிரிப் பேசினார்கள், ஒருத்தன் அவரை மாதிரிப் பேசினான், அவ்வளவுதான். தாகத்தில் இருக்கிறவன் தண்ணீரை மோந்து பார்ப்பதில்லை. தயாளன் சாரிடம் இதைச் சொன்னால் அவர் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வார், பாத்தியா பாத்தியா, உங்கப்பாவே ரசிச்சிருக்கார் பாரு என்று நாளைக்கே எங்காவது பேட்டியில் சொல்வார். அதனால் சொல்லமாட்டேன். நைனாவின் சிரிப்பை இந்த ஏசி ரூமுக்குள் கொண்டுவந்து இவர் கையில் கொடுக்கமாட்டேன். அது ஒன்றாவது தெளிவாக இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் மூல எபிசோடுகளை எனக்குக் கொடுத்தார்கள், வெளிநாட்டுச் சத்தத்தோடு, உதட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கதவு திறந்தது. ஜம்பு பேசினான், பேசினான், வடிகால் அடைத்துக்கொண்டதற்கு முனிசிபாலிட்டியைத் திட்டினான், பெண்டாட்டியைத் திட்டினான், நாயைத் திட்டினான். கப்பு வாசலில் நின்றான். நான் அவன் வாய் திறக்கக் காத்திருந்தேன். திறக்கவில்லை. கம்பியை உள்ளே விட்டான், ஒரு மெத்தையை வெளியே இழுத்தான், ஜம்புவே அடைத்த மெத்தை, அதைக் கீழே வைத்தான், பிறகு தலையைத் திருப்பித் திரைக்கு வெளியே, பார்க்கிறவர்களை நேராகப் பார்த்தான். கொஞ்ச நேரம். போய்விட்டான். ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று வயரை ஆட்டிப் பார்த்தேன். அடுத்த எபிசோடு, அதற்கடுத்தது, எதிலும் பேசவில்லை. அந்தக் கார்ட்டூன் மொத்தத்திலும் அவன் ஒருத்தன்தான் பேசுவதில்லை, அவன் ஒருத்தனுக்குத்தான் என்ன நடக்கிறது என்று தெரியும், சிரிப்பு ஜம்புவைப் பார்த்து. குடும்பம் மூக்கைப் பிடிப்பது அவனால் இல்லை, அடைத்துக்கொண்ட தங்கள் வீட்டு நாற்றத்தால். வாசலில் நிற்கிற அவன் மூக்கைப் பிடிக்கவில்லை, அது மரியாதை. அந்த ஊரில் இப்போது அவனைப் பற்றித்தான் புத்தகம் எழுதுகிறார்களாம், கார்ட்டூனின் மனசாட்சி என்று. நம் ஊரில் ஒரு பாத்திரம் சும்மா நின்றால் பொறுக்காது. முகம் திரும்பியிருந்தால் ஒரு வசனம், முதுகு தெரிந்தால் ஒரு வசனம், தூரத்தில் நடந்து போனால் ஒரு வசனம், உதடு தெரியாத இடமெல்லாம் காலி மனை, வேலி போட வேண்டியதுதான். இது தொழிலில் எல்லோரும் செய்வது, பெருமையாகச் சொல்லிக்கொள்வது. அப்படித்தான் தயாளன் சார் அவன் மௌனத்துக்குள் புகுந்து குடியேறினார். சாக்கடைக்காரன், அதனால் நாற்றம், நாற்றம், அதனால் தோல் ஷாப்பு ஊர், எங்கள் வடாற்காடு. ஒரு மத்தியான நேரத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டே முடிவு செய்திருப்பார், டீ வந்திருக்கும். மூடிய உதட்டின் மேல் எச்சில் மாதிரி எங்கள் பேச்சைத் துப்பினார். வெளிநாட்டுக்காரன் எங்களை இழிவுபடுத்தவில்லை. அவனுக்கு எங்களைத் தெரியவே தெரியாது.

கடைசிப் பாட்டு ஓடுகிறது, ஜம்பு குடும்பம் சோபாவில் விழுகிறது, எடிட்டர் ஆரோக்கியம் விளக்கைப் போட்டுவிட்டார். கண் கூசுகிறது. உதட்டை அவசரமாக நேராக்கினேன். தயாளன் சார் நாற்காலியோடு திரும்பினார், ஆனால் முதலில் நிவேதிதா பேசினாள், இதை வெளியிடப்போவது அவர்கள் ஓடிடி கம்பெனிதான், இருபத்தைந்தாம் ஆண்டுக்குப் புதுசாக டப் செய்து போடுகிறார்கள். "லெகசியும் போகக்கூடாது சார், சென்சிட்டிவிட்டியும் வேணும். கப்புவை வேற ஸ்லாங்குக்கு மாத்திடலாமா? கோயமுத்தூர்?" ஹரிஷ் பதறினான். "ஐயோ, கப்பு ஏனுங்க வாங்கன்னு பேசினா யாரு பார்ப்பா? என் சைல்ட்ஹுட்டே அவன்தான்." "கோயமுத்தூர்க்காரன் கேஸ் போடுவான்," என்றார் தயாளன் சார். எல்லோரும் சிரித்தார்கள், ராணிப்பேட்டைக்காரன் போடமாட்டான் என்பதுதான் சிரிப்பு, அது அவர்களுக்கே தெரியவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்தார். "சொல்லும்மா. உன்னையே கேட்போம்." நான் எழுந்து நின்றேன், எழ வேண்டிய அவசியமில்லை, ஸ்கூல் பழக்கம். செய்தி வாசிக்கிற குரலில், மிகவும் பணிவாக, மூலத்தில் அவருக்கு வசனமே இல்லை சார், அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கம் பரவாயில்லை, அதற்குப் பிறகு வந்ததுதான் தாங்கவில்லை. "அது செத்த இடம்மா. பார்க்கிறவன் சேனல் மாத்திடுவான். அங்க ஏதாவது போட்டே ஆகணும். நான் போட்டது பிடிக்கலைன்னா நீயே போடேன். ஏன், நீயே எழுது! உன் ஊர் பாஷை, உன் பேரையே போடலாம், வசனம் சசிரேகான்னு." நிவேதிதா கையைத் தட்டினாள். "சூப்பர் சார்! ஆதென்டிக்கா இருக்கும். யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது." "கன்ஃபர்மேஷனோட சேர்த்து ஒரு ப்ரமோஷன்," என்றார் அவர். ஆக இதற்குத்தான். குற்றவாளிக் கூண்டில் நிற்க ஒரு ஆள் தேவை, அந்த ஆளுக்குச் சம்பளமும் உண்டு. ஒரு நொடி, இதையும் சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு நொடி என் பெயரை நான் பார்த்தேன், வெள்ளை எழுத்தில், திரையில். அம்மா தெருவில் சொல்வாள். நைனா கையைத் தட்டுவார். அவர் கையைத் தட்டுவதை நினைத்ததும் வாய் தானாகத் திறந்தது, என்ன வருமென்று எனக்குத் தெரியாது, அந்தக் குரலில் வருமென்று சத்தியமாகத் தெரியாது.

"இன்னாத்துக்கு சார் நான் எய்தணும்? அந்தாளு வாய மூடிக்கினு அவரு வேலைய பாத்துக்கினு கீறாரு. நீங்களா அவரு வாய்ல கைய உட்டு இஸ்து இஸ்து பேச வெச்சிக்கிறீங்க. நாத்தம் அவரு செய்ற வேலைல கீது சார், அவராண்ட இல்ல. எங்க நைனா தோல் ஷாப்புல கீறாரு, அவரு வாய்ல நான் எச்ச துப்ப மாட்டேன்." ஹரிஷ் வெடித்துச் சிரித்தான். நிவேதிதா நாற்காலியில் பின்னால் சாய்ந்து, "ஓ மை காட், என்ன ஒரு ஃப்ளோ!" என்றாள். தயாளன் சார் எழுந்தே விட்டார், கண் பளபளத்தது, "இதான்! இந்த ரிதம்தான் இத்தனை வருஷமா எனக்கு வரலை! ஆரோக்கியம், மைக் போட்டியா? போடலையா? சே! போடு, போடு. அம்மாடி, அப்படியே இன்னொரு தடவை சொல்லு, ஒரு எழுத்து மாறாம." நான் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. கேட்டார்கள், வெறும் சத்தமாகக் கேட்டார்கள். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அழுதால் அதற்கும் மைக் வைப்பார்கள். ஆரோக்கியம் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், மைக்கைத் தூக்கினார், தயங்கினார், என் பக்கம் நகர்த்தினார். சரி. இன்னொரு தடவை கேட்கிறார்கள், சொல்வோம். மைக்கைப் பார்க்காமல் தயாளன் சாரின் முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னேன், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. இன்னாத்துக்கு சார் நான் எய்தணும் என்றபோது ஹரிஷ் சிரித்தான். வாய்ல கைய உட்டு என்றபோது அவன் நிவேதிதாவைப் பார்த்தான், அவள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்க நைனா என்றபோது ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. தயாளன் சாரின் முகத்தில் சிரிப்பு இருந்தது, இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது, பிறகு ஒரு பக்கமாகக் கழன்றது, இவ்வளவு நாள் எனக்குப் பெரிய முகமாக இருந்தது, பக்கத்தில் பார்த்தால் சாதாரண முகம், மூக்கில் கண்ணாடித் தழும்பு, வயசானவர். "உட்காரும்மா," என்றார். நான் உட்காரவில்லை. அவர் மேஜையில் கிடந்த கார் சாவியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "சரி சரி. டென்ஷன் ஆகாதே. உன் கன்ஃபர்மேஷன் விஷயம் எல்லாம் அப்புறமா தனியாப் பேசிக்கலாம்." பழைய குரலைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை, தேடவும் பிடிக்கவில்லை.

"அப்பால இன்னாத்துக்கு சார்," என்றேன். "எல்லாரும் இங்கதான கீறாங்க. இப்பவே பேசிடலாம்."